புடவை மாற்றும் நேரத்துத் தத்துவம்

அவையின் நடுவே, ஆளுயர நாற்காலியில், அடக்கமான புன்னகையோடு அமர்ந்திருக்கும் அவைத்தலைவர், என் வசனங்களை வெட்டி வெட்டியே வெற்றிமேல் வெற்றி கண்ட திரைப்பட இயக்குநர் அவர்களே!

எழுதும்போது நான் யோசிக்காததையெல்லாம் நான் யோசித்ததாகவே நிறுவி, அதற்காகத் தாம் முனைவர் பட்டமும் பெற்றுக்கொண்ட பேராசிரியை அவர்களே!

வயதால் என்னினும் மூத்த பெரியோர்களே! அப்படி எவரேனும் இருந்தால் கையை உயர்த்துங்கள், இறங்கி வந்து வணங்குகிறேன். ஒருவரும் இல்லையா? நல்லது, என் முழங்கால் பிழைத்தது.

அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! அவர்களை அழைத்து வந்த, இல்லை, அவர்களால் இழுத்து வரப்பட்ட ஐயாமார்களே! விழா முடிந்தால் தேநீர் உண்டு என்ற ஒரே நம்பிக்கையில் கடைசி வரிசையில் கண்ணயர்ந்திருக்கும் கலாரசிகர்களே!

எல்லோருக்கும் முன்னால், முதல் வரிசையில், கைப்பையை மடிமேல் கேடயம்போல் நிறுத்தி, வைத்த கண் வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் என் நாத்தனார் அவர்களே! உங்கள் அனைவருக்கும், எழுத்தால் பிழைக்க வந்து, எழுத்து என்னைப் பொறுத்துக்கொண்டதால் பிழைத்துப்போன இந்தக் கிழவியின் வணக்கம்.

சற்றுமுன், விருதுக் கேடயத்தை என் கையில் கொடுத்துவிட்டுத் தலைவர் பேசினார். தேனாகப் பேசினார். என் முதல் நாடகமான ‘அடுக்களைக் குழாய்’ திரைப்படமாகிறது என்றார், கை தட்டினீர்கள். அதில் பிளம்பர் பேசும் அந்தப் புகழ்பெற்ற நீண்ட பேச்சை, ஓரெழுத்தும் குறையாமல், ஒரு பெரிய நடிகர் பேசுவார் என்றார், பலமாகத் தட்டினீர்கள். கதாநாயகியாக ஓர் இளம் நடிகை வருவார் என்றார். கடைசி வரிசையே விழித்துக்கொண்டு தட்டியது. அந்த நாயகி வேடத்தை இத்தனை ஆண்டுகளாக மேடையில் சுமந்த என் நாத்தனாருக்கு, மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டு அம்மாள் வேடம், வசனம் கிடையாது என்றார். அதற்கும் தட்டினீர்கள், பழக்கதோஷத்தில். அப்போது முன்வரிசையில் ஒரு கைப்பை ‘படக்’கென்று மூடிக்கொண்டதே, அந்த ஓசை உங்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. நாற்பது ஆண்டுப் பழக்கம், ஐயா! இடி இடித்தாலும் திரும்பமாட்டேன், அந்தக் கைப்பைக்குத் திரும்புவேன்.

முத்தாய்ப்பாகத் தலைவர், ‘அம்மா இந்த மேடையிலேயே சம்மதம் சொல்லிடுவாங்க’ என்றார். சொல்லத்தான் போகிறேன். ஆனால் யாரிடம் கேட்டீர்கள்? ‘ஆம்’ என்ற ஈரெழுத்தைச் சொல்ல மூன்று அங்கமும் ஓர் இடைவேளையும் கேட்பவளிடம் கேட்டீர்களே!

நான் ஏன் நாடகம் எழுத வந்தேன்? கலைத்தாகமா? சமூகக் கோபமா? உள்ளத்தே கொழுந்துவிட்ட கனலா? ஒரு மண்ணும் இல்லை. பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தேன். தத்துவம் படித்தவளுக்கு வேலை தரும் அளவுக்கு உலகம் இன்னும் பண்படவில்லை. நான் மணந்துகொண்டவரோ நாடகக் குழு ஒன்றில் விளக்கு போடுபவர். அவருடைய தங்கை அந்தக் குழுவின் கதாநாயகி. குழுவில் அனைவரும் அவரை ‘மகாராணி’ என்பார்கள். எதிரில் மரியாதையாக, பின்னால் இன்னும் மரியாதையாக. புதுப்பெண்ணாய் ஒத்திகைக் கூடத்துக்குள் காலை வைத்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார் மகாராணி.

“அண்ணி நிறைய படிச்சவங்களாமே?”

“ஏதோ கொஞ்சம்.”

“அப்போ எனக்கு ஒரு நாடகம் எழுதுங்க. நான் மேடையை விட்டே போகக்கூடாது. ஆனா நடுவுல புடவை மட்டும் மாத்திக்கணும்.”

அன்பர்களே, பட்டத் தேர்வில்கூட எனக்கு இத்தனை கடினமான வினாவை எவரும் வைத்ததில்லை! மேடையை விட்டும் போகக்கூடாது, புடவையும் மாற்ற வேண்டும். சீதைக்கும் கிட்டாத சௌகரியம்! யோசித்தேன், யோசித்தேன், மூளை வேகும்வரை யோசித்தேன். எழுதினேன் ‘அடுக்களைக் குழாய்’.

கதை சின்னது. வீட்டுக்காரி ஒருத்தி. அடுக்களைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பரை வரவழைக்கிறாள். அவன் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் இந்த வீட்டை விட்டே போய்விடுவது என்று முடிவெடுத்து, அடுக்களை ஓரத்து மறைப்புக்குப் பின்னால் சென்று, வெளியே உடுத்தும் நல்ல புடவைக்கு மாறி, பெட்டியோடு வருகிறாள். அவ்வளவுதான். அவள் மாற்றி முடிக்கும்வரை மேடையில் என்ன நடப்பது? பிளம்பர் பேச வேண்டும். யாரோடு? குழாயோடு.

இது என் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் குழுவில் இதற்கு ‘புடவைப் பேச்சு’ என்றே பெயர் உண்டு. எந்த நாடகமானாலும் ஒருவர் உடை மாற்ற வேண்டும். ஆகவே எந்த நாடகமானாலும் இன்னொருவர் காரணமே இல்லாமல் பேச வேண்டும். அரசன் நிலவைப் பார்த்துப் புலம்பினால், அரசிக்கு அங்கே ரவிக்கை மாறுகிறது என்று பொருள்.

நான் எழுதிய புடவைப் பேச்சு நான்கே வரி. பிளம்பர் குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: “ஒழுகாத வரைக்கும் உன்னை யாரும் பாக்கல. ஒழுக ஆரம்பிச்சப்புறம்தான் நீ இருக்கறதே தெரியுது. இறுக்கிட்டா மறுபடியும் மறந்துடுவாங்க. கொஞ்சம் தளர்த்தியே வைக்கிறேன், இரு.”

நான்கு வரி போதுமானதாக இருந்தது. ஏனெனில் மகாராணி அப்போது கொடி. கொடி என்றால் கொடியிடை! மறைப்புக்குப் பின்னால் போவார், மின்னல்போல் வெளியே வருவார். ஆனால் கொடி எத்தனை நாள் கொடியாக இருக்கும்? முதல் குழந்தை பிறந்தது. நான்கு வரி போதவில்லை. மேடையோரம் நான் நின்றுகொண்டிருக்கிறேன், மறைப்புக்குப் பின்னாலிருந்து அடிக்குரலில் ஓர் ஆணை: “அண்ணி! ஊக்கு மாட்டலை! எதையாவது பேசச் சொல்லுங்க!” மறுநாள் பேச்சில் ஆற்றைச் சேர்த்தேன். இரண்டாவது குழந்தைக்குக் கடலைச் சேர்த்தேன். மருத்துவர் அவரை மாடிப்படி ஏறக்கூடாது என்றார், மேகத்தைச் சேர்த்தேன். முட்டிவலி வந்தது, பிரபஞ்சம் உள்ளே வந்தது. அவருடைய இடுப்பு வளர வளர என் தத்துவம் வளர்ந்தது! அவர் மூச்சு வாங்க வாங்க என் சிந்தனை ஆழ்ந்தது!

சிரிக்காதீர்கள் பேராசிரியை அவர்களே, உங்கள் ஆய்வேட்டின் நான்காம் இயல் இதைத்தானே சொல்கிறது? ‘ஆசிரியரின் நீர்ப் படிமங்கள் காலந்தோறும் விரிவடைகின்றன’ என்று. உண்மை அம்மா, முற்றிலும் உண்மை. எது விரிவடைந்ததால் எது விரிவடைந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

என்ன? முன்வரிசையிலிருந்து ஏதோ கட்டளை வருகிறது. “இடுப்பைப் பத்திப் பேசத்தான் மேடை ஏறினீங்களா அண்ணி?” என்று கேட்கிறார். இல்லை, மகாராணி. மன்னியுங்கள். இடுப்பை விட்டுவிட்டு இனி என் மூளைக்கு வருகிறேன். அங்கே பேசுவதற்கு அத்தனை விஷயம் இராது.

நாடகம் பேர் வாங்கியது. அந்தப் பேரைக் கேட்டுத் திரைப்படக்காரர்கள் வந்தார்கள். ஆழம் தெரியாமல் காலை விட்டேன். அன்றுமுதல் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். எது ஆறு, எது சேறு என்று கேட்காதீர்கள். இருவகைக்காரர்களும் இங்கே அமர்ந்திருக்கிறார்கள், நான் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும்.

திரைப்படத்துக்கு நான் எழுதிய முதல் வசனத்தைத் தலைவர் மறந்திருக்கமாட்டார். அப்போது அவர் மீசை கருத்த இளைஞர். காகிதங்களைப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் போன போக்கு!

“அம்மா, இங்க ‘அதோ மாமா வருகிறார்’னு எழுதியிருக்கீங்களே?”

“ஆமாம். மாமா வர்றார்ல?”

“அவர் வர்றதைத்தான் கேமரா காட்டுமே.”

“சரி. அவர் யாருன்னு எப்படித் தெரியும்?”

“போன காட்சியிலயும் அவர்தாம்மா வந்தார்.”

அதோடு முடிந்ததா? காதலனும் காதலியும் முகத்தோடு முகம் வைத்துப் பேசும் காட்சி. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமே என்ற கவலையில், இருவருக்கும் ஊர்வலத்தில் எழுப்பும் முழக்கம் போல் எழுதி வைத்திருந்தேன். நாயகியை மயக்க வேண்டிய நாயகன் அவளை மாநாட்டுக்கு அழைப்பதுபோல் இருந்தது. அறையில் எவரும் இல்லாமல் ஒரு காட்சி முடியும் என்பதை நம்பவே முடியவில்லை எனக்கு. மேடை காலியானால் மானம் போயிற்று என்று வளர்ந்தவள் அல்லவா? “இந்தப் படத்துல கதவுக்கு மட்டும்தாம்மா வசனம் இல்லை” என்றார் இயக்குநர். அடுத்த படத்தில் கதவும் கிறீச்சிட்டது.

எல்லாவற்றுக்கும் சிகரமாய் ஒன்று நடந்தது. ஒரு படத்தில், கதாநாயகி அலுவலகத்துக்குப் புறப்படும் நேரத்தில், தபால்காரர் ஒருவர் வாசலில் நின்று வாழ்க்கையைப் பற்றி இரண்டு பக்கம் பேசுகிறார். இயக்குநர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“இவர் எதுக்கும்மா இவ்வளவு நேரம் பேசறார்?”

“கதாநாயகி புடவை மாத்த வேண்டாமா?”

“அந்தப் புடவைக் காட்சியைப் போன வாரமே எடுத்து முடிச்சாச்சும்மா!”

அன்றைக்குப் புரிந்தது எனக்கு: உலகத்தில் எவருக்கும் புடவை மாற்ற நேரம் தேவைப்படாவிட்டால், எழுத என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்தும் விட்டேனா? விடவில்லை. அவர்களும் விடவில்லை. படத்துக்குப் படம் ‘வசனம்’ என்று என் பெயர் திரையில் மின்னியது. மின்னும் நேரம் பார்த்து ரசிகப் பெருமக்கள் குனிந்து இருக்கை எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

சரி, கதை போதும். தலைவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

என் நாத்தனார் இன்றும் அந்த வீட்டுக்காரியாக நடிக்கிறார். சென்ற மாதமும் நடித்தார். அவளுக்கு நாடகத்தில் வயது முப்பது. இவருக்கு… பார்க்கிறார், வேண்டாம். மேடையில் வயது என்பது பத்தாவது வரிசைக்கு எட்டாத சங்கதி. விளக்கை என் வீட்டுக்காரர் ஒருபக்கமாகச் சாய்த்துப் போடுவார். அதிலேயே பாதி வயது கரைந்துவிடும். கேமரா அப்படியா? அழையாமல் வந்து மூக்குக்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும் விருந்தாளி அது. ஆகவே கதாநாயகியாக இளம் நடிகை வரட்டும் என்று தலைவர் சொன்னது சரி. ஆம் மகாராணி, சரிதான்! கைப்பையை இறுகப் பிடியுங்கள், எறிந்துவிடாதீர்கள், இந்தக் கண்ணாடி புதிது. நானும் நீங்களும் ஆசைப்பட்டால் ஆயிற்றா? முகச்சுருக்கம் நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

ஆனால் தலைவர் அவர்களே, நீங்கள் பார்க்காத ஒரு காட்சியை இந்த அவை அறிய வேண்டும். அண்மையில் ஒரு மாலை. அரங்கம் நிறைந்திருக்கிறது. பிளம்பராக நடிப்பவர் எங்கள் குழுவின் ‘வெண்கலத் தொண்டை’. ஆற்றிலிருந்து பிரபஞ்சம்வரை ஒரே மூச்சில் கடப்பவர். குழாயைத் தட்டினார். வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. மறந்துவிட்டது! மேடையோரத்தில்தான் நிற்கிறேன். நான் எடுத்துக் கொடுக்கலாமே என்பீர்கள். எனக்கு எங்கே நினைவிருக்கிறது? எழுதியவள்தானே நான், கேட்டவளா?

அப்போது மறைப்புக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். உரக்க அல்ல, நடிப்பாகவும் அல்ல. வேறு வேலையாக இருக்கும் ஒருத்தி, கைவேலையை நிறுத்தாமல், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல்: “ஒழுகாத வரைக்கும் உன்னை யாரும் பாக்கல…” நான்கு வரி. நான்கே வரி. அதற்குப்பின் பேச்சில்லை. வெண்கலத் தொண்டை மெல்லக் குனிந்து குழாயைத் திருகினார். இறுக்கவில்லை, தளர்த்தினார். ஒரு சொட்டு விழுந்தது. அரங்கத்தில் ஓர் இருமல் இல்லை, ஒரு செருமல் இல்லை, குழந்தையும் அழவில்லை! மறைப்பு விலகி, பெட்டியோடு அவர் வரும்வரை, சொட்டுச் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. இத்தனை ஆண்டுகளில் அந்த நாடகம் அப்படி நின்றதே இல்லை.

மறுவாரம் பேராசிரியை ‘மனசாட்சிக் குரல் என்னும் உத்தி’ என்று கட்டுரை எழுதினார். நானோ அன்றே உடை மாற்றும் அறைக்குள் பாய்ந்தேன். பாராட்டவா? எழுத்தாளருக்கு அந்தப் பழக்கம் உண்டா? சண்டைக்கு!

“மீதியை ஏன் சொல்லல? ஆறு எங்கே? கடல் எங்கே?”

“வாயில ஊக்கு இருந்தது அண்ணி.”

“நாலு வரி சொல்றப்போ இல்லையா?”

“அந்த நாலுதான் எனக்கு மனசுல நிக்குது. மீதியெல்லாம் நான் ஊக்கு மாட்டற சத்தம்.”

சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன். அப்படி நான் விடுவது அபூர்வம் என்பதை, இவ்வளவு நேரமாய் இங்கே அமர்ந்திருக்கும் நீங்கள் அறிவீர்கள்.

ஆகவே தலைவர் அவர்களே, என் சம்மதம் இது. நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இளம் நாயகியை வைத்துக்கொள்ளுங்கள். அடுக்களையை எப்படி வேண்டுமானாலும் கட்டுங்கள். ஆனால் அந்தக் குழாயைப் பழுதுபார்க்க வருபவர் ஒரு பெண். வயதான பெண். கேமரா எத்தனை நெருங்கி வந்தாலும் மறைக்க ஒன்றுமில்லாத பெண். அந்த வேடத்தில் என் நாத்தனார். இல்லையென்றால் இல்லை!

சலசலப்பு. நியாயம்தான். தலைவர் தண்ணீர் குடிக்கிறார். குடியுங்கள். ஏதோ கேட்கிறார்… ஒலிபெருக்கியைப் பக்கத்தில் நகர்த்துங்கள். “பிளம்பர் பொம்பளையா இருந்தா மக்கள் நம்புவாங்களாம்மா?” என்கிறார். ஐயா, எழுபது வயதுக்காரியை முப்பது என்று நம்பிய மக்கள் இவர்கள்! குழாய்க்குத் தெரியுமா, திருகுவது ஆண் கையா பெண் கையா என்று? பெரிய நடிகரிடம் என்ன சொல்வது என்கிறார். மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் வேடம் காலியாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.

சிரித்துவிட்டார். பார்த்தீர்களா, தலைவர் சிரித்துவிட்டார்! “அவங்க சரின்னு சொன்னா எனக்கும் சரி” என்கிறார். அவை சாட்சி, தாய்மார்கள் சாட்சி, தேநீருக்குக் காத்திருப்போர் சாட்சி.

மகாராணி, பந்து உங்கள் மடியில். எழுந்துவிட்டார். இனி அவர் பேசுவார், நான் அப்படியே எடுத்துச் சொல்கிறேன். ஏனெனில் அவருக்கு ஒலிபெருக்கி தேவையில்லை, உங்களுக்கே கேட்கும்.

“நடிக்கிறேன் அண்ணி. ஆனா அந்த நாலு வரிதான் பேசுவேன். ஆறு வேணாம், கடல் வேணாம், பிரபஞ்சத்தைத் தூக்கிடுங்க. அங்க யாரும் புடவை மாத்தப்போறதில்லை.”

அன்பர்களே! இன்று எனக்கு எதற்காக இந்த விருது? அந்தப் பேச்சுக்காக. இந்தக் கேடயத்தில் எதைப் பொறித்திருக்கிறார்கள்? அந்தக் கடலை. தேர்வு எழுதும் மாணவர்கள் எதை மனப்பாடம் செய்கிறார்கள்? அந்த மேகத்தை. என் பெயரை எவரேனும் நாளை சொல்வார்களானால், அந்தப் பிரபஞ்சத்துக்காகச் சொல்வார்கள். அதையெல்லாம் வெட்டச் சொல்கிறார். எல்லோர் முன்னாலும் சொல்கிறார். தலைவரோ, வெட்டுவது என்றதும் முகம் மலர்ந்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்! பேராசிரியை மட்டும் என் பக்கம். பாவம், அவருக்கு நான்காம் இயல் போகிறது.

வெட்டினால் நான் என்ன ஆவேன்? நான்கு வரி எழுதியவள் ஆவேன். எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது நான்கு வரி? ஒரு மனுஷி வாயில் ஊக்கை வைத்துக்கொண்டும் மறக்காமல் சொல்லும் நான்கு வரி எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது? பக்கம் பக்கமாய் நான் கட்டிய கோட்டையில் இவர் குடியிருந்தது இந்த ஓர் அறையில் மட்டும் என்றால், மற்ற அறைகளை யாருக்காகப் பெருக்குவது?

வெட்டுங்கள்! நானே வெட்டித் தருகிறேன். கேடயத்தை மட்டும் திருப்பித் தரமாட்டேன். அதில் கடல் இருக்கட்டும். அது இனி எந்தப் படத்திலும் இராது, எந்த மேடையிலும் இராது, அலமாரியில் இருக்கும்.

மேடை தந்த அமைப்பாளர்களுக்கும், பிடிவாதத்துக்குச் சிரிப்பால் தோற்ற தலைவருக்கும், என்னை என்னைவிடப் பெரியவளாக நம்பிய பேராசிரியைக்கும், கேட்டும் கேட்காமலும் பொறுத்த உங்களுக்கும் என் நன்றி. உட்காராமல் இன்னும் நின்றுகொண்டே இருக்கும் என் நாத்தனாருக்கு நன்றி சொல்லப்போவதில்லை. சொன்னால், “அதையும் சுருக்குங்க அண்ணி” என்பார்.

வணக்கம்.